கடலோரத்து அடைப்பெட்டிக்கு முதல் 18 நாள் தண்ணீர் வேண்டாம்

தண்டையார்பேட்டையில் எங்கள் ஒரு தெருவிலேயே இப்போது நான்கு வீடுகளில் இன்குபேட்டர், அதாவது கோழியில்லாமல் முட்டை பொரிக்கும் அடைப்பெட்டி, ஓடுகிறது. சென்ற வாரம் எதிர்வீட்டுத் தம்பி ஒரு தட்டில் 9 நாட்டுக்கோழி முட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, 23 நாள் ஆயிடுச்சு, ஒண்ணுகூட வெளியே வரல. முட்டை கொடுத்தவரு ஏமாத்திட்டாரு" என்று சொல்லும்போதே அவன் குரல் கம்மிவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தோம். இரண்டு கூமுட்டை. மற்ற ஏழிலும் தூவி முளைத்து, நகம் வளர்ந்து, மஞ்சள்கருவைப் பெரும்பாலும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட முழுக்குஞ்சுகள் இறந்து கிடந்தன. ஓட்டை நீக்கியதும் நீர் வழிந்தது. குஞ்சுகளின் உடல் ஊறிப்போயிருந்தது. முட்டையின் அகன்ற முனையில் இருக்கவேண்டிய காற்றறை, ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடும் அளவுக்கே இருந்தது.

முட்டை கொடுத்தவர் மேல் குற்றமில்லை. கருக்கூடாத முட்டையில் குஞ்சு உருவாகாது. இன்குபேட்டரோடு வந்த தாளில் எழுதியிருந்தபடி, அவன் முதல் நாளிலிருந்தே இரண்டு தண்ணீர்க் குழிகளையும் நிரப்பி வைத்திருந்தான். அந்தத் தண்ணீர்தான் அந்த ஏழு குஞ்சுகளையும் கொன்றது என்று நான் உறுதியாக நம்புகிறேன். குஞ்சு வரவில்லை என்று யார் சொன்னாலும் "ஈரம் போதவில்லை, தண்ணீர் ஊற்று" என்று எல்லோரும் கூறும் யோசனை, கடலிலிருந்து ஒரு கல் தொலைவில் குடியிருக்கும் நமக்குப் பொருந்தாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அடை வைத்த நாள் முதல் அவற்றின் வழியே நீர் ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கவேண்டும். குஞ்சு ஓட்டைக் கொத்தும் நேரத்தில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதத்தை இழந்திருந்தால்தான், அந்த இழப்பின் அளவுக்குக் காற்றறை விரிந்திருக்கும். வெளியே வருவதற்கு முன் குஞ்சு முதலில் உள்சவ்வைக் கிழித்து, அந்த அறைக்குள் அலகை நீட்டித்தான் தன் முதல் மூச்சை இழுக்கிறது. அறை சிறுத்துப்போனால் மூச்சுக்குக் காற்று போதாது. உடம்பைத் திருப்பிக்கொள்ள இடமும் இல்லாமல், உள்ளே தேங்கிய நீரிலேயே குஞ்சு முடிந்துபோகிறது.

முதல் 18 நாட்களுக்குப் பெட்டிக்குள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதுமானது. ஐப்பசி மழையில் நம் வீட்டறையின் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று பெட்டிக்குள் நுழைந்து 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது, சூடான காற்றுக்கு நீரைத் தாங்கும் திறன் கூடிவிடுவதால், ஈரப்பதம் தானாகவே 52 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமலேயே தேவையான ஈரத்தைக் கடற்காற்று கொடுத்துவிடுகிறது. அதன்மேல் இரண்டு குழித் தண்ணீரும் சேர்ந்தால் எழுபதைத் தாண்டும். அந்தத் தாளை எழுதியவர் எந்த ஊர்க் காற்றை மனதில் வைத்து எழுதினாரோ, காசிமேட்டுக் காற்றை வைத்து எழுதவில்லை.

இதை நான் இழப்பில்தான் கற்றேன். என் முதல் அடையில் 24 முட்டைகள் வைத்து 5 குஞ்சுகளே கிடைத்தன. இரண்டாம் முறை ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எண்ணிட்டு, சமையலறை எடைத் தராசில் நிறுத்து எழுதி வைத்தேன். 42 கிராம் இருந்த முட்டை ஏழாம் நாளில் 40 கிராமுக்கு வந்திருக்கவேண்டும். என்னுடையது 41-க்கு மேல் நின்றது. அன்றே தண்ணீரை முழுவதும் வெளியேற்றினேன். பதினெட்டாம் நாளில் அதே முட்டை 37.5 கிராம். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது காற்றறை முட்டையின் மேல் பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் விரிந்திருந்தது. அந்த முறை, கருக்கூடிய 19 முட்டைகளில் 16 பொரித்தன. ஈரமானியை நம்பாதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் தராசை அதைவிட அதிகம் நம்புங்கள்.

மலிவான ஈரமானிகள் பத்துச் சதவீதம்வரை பிழையாகக் காட்டுவதை நான் கண்டிருக்கிறேன். ஒரு மூடியில் கல்லுப்பைத் தண்ணீர் விட்டுச் சேறுபோலக் குழைத்து, ஈரமானியோடு ஒரு டப்பாவில் வைத்து இறுக மூடி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள்: 75 காட்டவேண்டும். வெப்பமானியைச் சோதிக்க, நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது தண்ணீரும் போதும், பூச்சியம் காட்டவேண்டும். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் எடுக்கவேண்டாம், அதில் உப்பு கலந்திருந்தால் அளவு தவறிவிடும். விசிறி இல்லாத தெர்மாகோல் பெட்டி வைத்திருப்பவர்கள் 37.5-க்குப் பதிலாக, முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 டிகிரி அளவில் வைக்கவேண்டும்.

பதினெட்டாம் நாளோடு முட்டைகளைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, அப்போதுதான் தண்ணீர் ஊற்றி ஈரப்பதத்தை 65 முதல் 70-க்கு உயர்த்தவேண்டும். இந்தக் கட்டத்தில் காற்று உலர்ந்தால், கொத்திய ஓட்டைக்குப் பின்னாலிருக்கும் சவ்வு காய்ந்து தோல்போல இறுகி, குஞ்சை அசையவிடாமல் கட்டிப்போட்டுவிடும். எனவே மூடியைத் திறக்காதீர்கள். முதலில் வந்த குஞ்சை உடனே வெளியே எடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. உள்ளிழுத்த மஞ்சள்கரு அதற்கு ஒரு நாளுக்கு மேலேயே உணவாகும்.

என் முதல் அடையில் ஒரு குஞ்சு ஓட்டில் சிறு விரிசல் விட்டு, உள்ளிருந்தே கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரம் பொறுத்த பெரியம்மா, "பாவம்டி, மூச்சு முட்டுது, பிச்சு விடு" என்றார். நகத்தால் ஓட்டை உரித்தேன். வெள்ளைச் சவ்வில் நூல்போல ஓடிய ஒரு சிவப்புக் கோடு அறுந்து, என் விரல் நுனியில் இரத்தம் பரவியது. குஞ்சின் வயிற்றுக்கு வெளியே மஞ்சள்கரு பாதி தொங்கிக்கொண்டிருந்தது. இரவுக்குள் இறந்துவிட்டது. விரிசல் விட்டபின் 12 முதல் 24 மணி நேரம் குஞ்சு சும்மா இருப்பதுபோலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் அது இரத்தத்தையும் மஞ்சள்கருவையும் உடலுக்குள் இழுத்து முடிக்கிறது. ஒரு நாள் முழுக்க முன்னேற்றமே இல்லாமல், சவ்வு பழுப்பேறி உலர்ந்திருந்தால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அதை ஈரப்படுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை விலக்கலாம். துளி இரத்தம் தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள்.

கத்திரி வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அறையே 38 டிகிரியைத் தாண்டும்போது, விளக்கு அணைந்திருந்தாலும் பெட்டி குளிராது. அதிகச் சூடு, குளிரைவிட விரைவாகக் கருவைக் கொல்லும். அந்த நாட்களில் பெட்டியைக் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். மாறாக, அரைமணி நேர மின்வெட்டுக்குப் பதறவேண்டாம். அடைக்கோழியும் இரைக்காக நாள்தோறும் எழுந்து போகத்தான் செய்கிறது.

எதிர்வீட்டுத் தம்பி நேற்று மீண்டும் 12 முட்டைகளை வைத்திருக்கிறான். குழிகள் காலியாக இருக்கின்றன. எண்ணிட்ட முட்டைகளின் எடைகளை ஒரு நோட்டில் எழுதி, என்னிடம் கொண்டுவந்து காட்டினான். திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பக்கம் பொரிக்க வைப்பவர்கள் உங்கள் ஏழாம் நாள் எடையைக் கீழே எழுதுங்கள். அவன் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.