பிரித்துக் கொடுத்த குப்பையை ஒரே வண்டியில் கொட்டிக் கலக்கவா இத்தனை பாடு?

பச்சைத் தொட்டி ஒன்று, நீலத் தொட்டி ஒன்று என்று வாங்கி வைத்து, காய்கறித் தோலை ஒன்றிலும் கழுவிக் காயவைத்த பால் கவரை இன்னொன்றிலும் போடுகிறவர்கள் சென்னையில் எத்தனையோ பேர். காலையில் விசில் ஊதிக்கொண்டு பேட்டரி வண்டி வருகிறது. இரண்டு தொட்டியும் ஒரே பெட்டிக்குள் கவிழ்கிறது. இதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் ஒரே கறுப்புக் கவரில் கட்டிப் போடுகிறார். அவரை எப்படிக் குறை சொல்வது?

வீட்டில் குப்பையைப் பிரிப்பதால் சுற்றுச்சூழலுக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு. அதனால்தான் வயிறு எரிகிறது. பயனே இல்லாத சடங்காக இருந்தால் விட்டுத் தொலைத்துவிடலாம்.

பிளாஸ்டிக்கை விடுங்கள், முதல் லாபமே சமையலறைக் கழிவில்தான் இருக்கிறது. நம் ஊர்க் குப்பையில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி மட்கும் குப்பை. காற்றுப் படும்படி வைத்தால் அது உரமாகும். சென்னையின் குப்பைமேடுகளான பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ மலையாகக் குவித்தால் உள்ளே காற்றே போகாது. காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வரும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வாயு கரியமில வாயுவைவிட 80 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தீப்பிடித்தால் குப்பைமேடு லேசில் அணையாததற்கும் காரணம் இந்த வாயுவும் கூடவே கிடக்கும் பிளாஸ்டிக்கும்தான். 2022 ஏப்ரலில் பெருங்குடி எரிந்தபோது சுற்றியிருந்த குடியிருப்புகள் நாள் கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தன. அது எரிந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. அதே ஆண்டுதான் அந்தச் சதுப்பு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அந்தப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் செலவாகிறது. வீட்டு வாசலில் காசில்லாமல் பிரிந்து கிடந்ததைக் கலந்துவிட்டு, பிறகு இயந்திரம் வைத்துச் சலிக்கிறோம்!

ஈரம் கலந்தால் மட்காத குப்பையும் கெட்டுப்போகும். காய்ந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர் கடையில் காசு கொடுத்து வாங்குவார்கள். அதன் மேல் சாம்பார் ஊறிவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். காகித நாரை ஐந்தாறு முறை திரும்பக் கூழாக்கலாம், ஆனால் எண்ணெய் ஏறிய நாரை ஒரு முறைகூட முடியாது. பால் கவர் நல்ல பாலித்தீன், அதற்குத் தனி விலை உண்டு. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மூலையை முழுதாக வெட்டி எறியாமல் கவரோடு ஒட்டியிருக்கும்படி கத்தரிக்க வேண்டும். துண்டாகிப் போகும் அந்த முக்கோணம் எந்தச் சல்லடையிலும் நிற்காது, நேராகச் சாக்கடைக்குப் போகும். பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கவிழ்த்துக் காயவைத்தால் போதும். இதற்காக நல்ல தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதில்லை.

அலுமினிய டப்பா, இரும்பு, கண்ணாடி இவற்றைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதைவிடப் பழையதை உருக்குவதில் 95 சதவீத மின்சாரமும் எரிபொருளும் மிச்சம். காயலான் கடைக்காரர் இதை எந்த விழிப்புணர்வு முகாமும் இல்லாமலே செய்துவருகிறார்.

பிளாஸ்டிக்கில்தான் உற்பத்தியாளர்கள் நம் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், மூடி வேறு வகை. இது பிரச்சினையில்லை: அரைத்துத் தண்ணீரில் போட்டால் மூடித் துண்டு மிதக்கும், பெட் மூழ்கும், தனியாக அள்ளிவிடலாம். ஆனால் அதில் பிவிசி (PVC) என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் செய்த லேபிளைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பிவிசியும் பெட்டோடு சேர்ந்து மூழ்கும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் பிவிசி கருகி அமில வாயு விடும், மொத்த உருக்கும் மஞ்சளாகிக் கெடும். வீட்டில் செய்யக்கூடியது லேபிளைக் கிழித்து எடுப்பது. அதை ஒட்டாமலே இருக்க வேண்டியது யார்?

சிப்ஸ் பாக்கெட், ஷாம்பூ சாஷே, மசாலா உறை இன்னும் மோசம். பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக், நடுவே அலுமினியப் பூச்சு என்று ஒட்டிய அடுக்குகள் அவை. சாதாரண மறுசுழற்சிக் கூடத்தில் அந்த அடுக்குகளைப் பிரிக்க வழியில்லை. எவ்வளவு கழுவிக் காயவைத்தாலும் கடைசியில் போகும் இடம் சிமென்ட் ஆலையின் உலை, இல்லையென்றால் குப்பைமேடு. அடியில் முக்கோணக் குறியும் எண்ணும் இருப்பதால் மறுசுழற்சி ஆகும் என்று நம்பாதீர்கள், அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. டீக்கடைக் காகிதக் கப்பிலும் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சுதான். "மட்கும் பை" என்று அச்சிட்டு விற்பவற்றில் பல, 55, 60 டிகிரி சூடு நிலைக்கும் பெரிய உரக்கூடத்தில்தான் மட்கும். மாடியில் வைத்த உரத்தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

விற்றவர்களையே காலி பாட்டிலைத் திருப்பி வாங்க வைத்தால் வாங்குவார்கள். யானை நடக்கும் காட்டில் மது பாட்டில் உடைந்து கிடக்கிறது என்று வழக்கு நடந்து, 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பானத்துக்கும் இதைச் செய்ய என்ன தடை?

அடுக்குமாடிகளின் கதை தனி. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் வளாகங்கள் தங்கள் மட்கும் குப்பையைத் தாங்களே கையாள வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. உடனே "24 மணி நேரத்தில் உரம்" என்று இயந்திரம் விற்க வந்துவிட்டார்கள். 24 மணி நேரத்தில் எதுவும் மட்காது! சூடாக்கி, உலர்த்தி, பொடியாக்கிக் கொடுக்கிறது அந்த இயந்திரம். அந்தப் பொடியைச் செடிக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அப்போதுதான் அழுகத் தொடங்கும், நாற்றம் வரும், வேர் கெடும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கி, மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு மூலையில் போடுகிறார்கள்.

உரம் செய்ய ஓட்டை போட்ட இரண்டு தொட்டி போதும். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு, ஒவ்வொரு நாளும் மேலே ஒரு அடுக்கு மூட வேண்டும். நாறினால் ஈரம் அதிகம்: காய்ந்த இலையைச் சேர்த்துக் கிளறுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது: தண்ணீர் தெளியுங்கள். பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் பதம் சரி. எண்ணெய்க் குழம்பும் இறைச்சியும் வேண்டாம். புழு நெளிந்தால் பயந்து மருந்து அடிக்காதீர்கள், அவை கழிவைத் தின்று தீர்ப்பவை. 45 முதல் 60 நாளில் மண் வாசனை வரும்.

தூய்மைப் பணியாளரைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. உடைந்த கண்ணாடியையும் நாப்கினையும் சாதத்தோடு கட்டிப் போடுவது நாம், வெறுங்கையை அதில் விடுவது அவர். நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புப் பேனாவில் குறியிட்டுத் தனியாகக் கொடுங்கள். கண்ணாடித் துண்டையும் அப்படியே. பாதரசம் இருக்கும் டியூப்லைட்டை உடைக்கவே கூடாது. அவர் கலக்கிறார் என்றால் வண்டியில் தடுப்பு இல்லை, அல்லது குப்பையைப் பெரிய வண்டிக்கு மாற்றும் இடத்தில் பிரித்து இறக்க வசதியில்லை. எடைக்கணக்கில் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் என்றால் கேட்கவே வேண்டாம், ஈரக் குப்பைதான் கனம், குப்பைமேட்டுக்கு அதை அள்ளிப் போகப் போக ஒப்பந்தக்காரருக்கு லாபம். பிரித்து வாங்கிப் பிரித்தே கொண்டுபோக வேண்டியது உள்ளாட்சியின் கடமை. வீட்டுக்காரருக்கு அபராதம் போட நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் அந்தக் கடமையைச் செய்யட்டும்.

வார்டு அலுவலகத்தில் கேளுங்கள்: எங்கள் தெரு ஈரக் குப்பை எந்த நுண் உர மையத்துக்கு, அதாவது உரம் தயாரிக்கும் சிறு கூடத்துக்கு, போகிறது? நேற்று அங்கே எத்தனை கிலோ இறங்கியது? எத்தனை கிலோ கலப்படம் என்று ஒதுக்கினார்கள்? எடைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.