பொத்தானில் செருகிய மர ஆப்பு

கட்டைவிரல் நீளம்கூட இருக்காது அந்த மர ஆப்பு. ஒரு முனையைச் சீவியிருப்பார்கள். எண்ணெய் ஊறி, பல விரல்கள் பட்டுப் பட்டு, கருத்து வழவழவென்று ஆகியிருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், ஒவ்வொரு பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அச்சால் அழுத்தி வடிவமைக்கும் எந்திரம்) பக்கத்திலும் இப்படி ஒன்று கிடக்கும்.

அந்த எந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டையும் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கைகள் இரண்டும் பொத்தான்களில் இருக்கும்போது அச்சுக்கு அடியில் எந்தக் கையும் இருக்க வழியில்லை. ஆப்பை ஒரு பொத்தானின் இடுக்கில் செருகிவிட்டால் அது அழுந்தியபடியே நின்றுவிடும். பிறகு ஒரு கை தகட்டை வைக்கும், மறு கை பொத்தானைத் தட்டும். ஒவ்வொரு தகட்டுக்கும் ஓரிரு நொடி மிச்சம். அந்த நொடிகளைச் சேர்த்துத்தான் ஷிஃப்டின் இலக்கை நிர்ணயித்திருந்தார்கள். ஆப்பு இல்லாமல் அந்த எண்ணிக்கையை எவராலும் எட்ட முடியாது. இது ஃபோர்மேனுக்குத் தெரியும், மேலாளருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒருநாள் காலை, “நாளை ஆய்வு” என்று சொன்னார்கள். அன்று மாலையே ஒரு வாளியோடு வந்து ஆப்புகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போனார்கள். மூலையில் கிடந்த காப்புத் தகடுகளைத் தூசி தட்டி எந்திரங்களில் மாட்டினோம். தரையில் மஞ்சள் கோடுகள் போட்டோம். மறுநாள் ஆய்வாளர் வந்தார், பதிவேடுகளைப் பார்த்தார், எந்திரங்களைச் சுற்றி நடந்தார், கையெழுத்திட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மதிய உணவு முடிவதற்குள் வாளி திரும்பி வந்துவிட்டது.

மூன்றாவது வாரம், இரவு ஷிஃப்டில், என்னை “அண்ணா” என்று கூப்பிடும் ஒரு பையனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. விசாரணை அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதினார்கள். ஆப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாட்சியாகக் கையெழுத்திட்ட இருவரில் நானும் ஒருவன். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

எங்கே ஒரு தொழிற்சாலை விபத்து நடந்தாலும் “சட்டம் போதவில்லை” என்று பேச்சு கிளம்புகிறது. எந்திரத்துக்குக் காப்பு வேண்டும் என்ற சட்டம் புதியதல்ல. 1844ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் அது வந்துவிட்டது. அதற்கும் பதினோரு ஆண்டுகள் முன்னால், 1833இல், அரசு ஆய்வாளர்களை நியமிக்கும் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் அப்போது இருந்தவர்கள் நான்கே பேர். சட்டத்தை எழுதும் அளவுக்கு, அதை ஆலைக்குள் கொண்டுபோய் நிறுத்துவதில் அரசுகளுக்கு ஆர்வம் இருந்ததில்லை. அந்தப் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்பதுகூட எழுதிவைத்த விஷயம்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கை 1947இல் உருவானது. ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல், பகலோ இரவோ எந்த நேரத்திலும் பணியிடத்துக்குள் நுழையலாம் என்கிறது அது. தொழிலாளியிடம் தனியாக விசாரிக்கலாம். உடனடி ஆபத்து இருந்தால் அப்போதே செயலுக்கு வரும்படி உத்தரவிட வழி செய்கிறது. புகார் கொடுத்தது யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது. இந்த நான்கும் நடைமுறையில் இருந்திருந்தால் எங்கள் ஆலையில் அந்த வாளிக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் “ஆய்வாளர்கள் தொல்லை தருகிறார்கள், தொழில் ஓடிவிடும்” என்ற வாதம் எழும்போதெல்லாம் முதலில் கைவைக்கப்படுவது இந்த முன்னறிவிப்பில்லா வருகையின் மீதுதான்.

அந்த வாதத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் எந்த ஆலைக்குப் போவது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து நடந்த ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, அதே போன்ற, ஆய்வு நடக்காத ஆலைகளோடு ஒப்பிட்டார்கள். 2012இல் வெளியான முடிவு இது: ஆய்வு நடந்த இடங்களில் காயங்கள் 9.4 சதவீதம் குறைந்தன, காயங்களால் வந்த செலவு 26 சதவீதம் குறைந்தது. வேலை இழப்போ விற்பனைச் சரிவோ தென்படவில்லை. தொழில் ஓடிவிடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சரி, அரசு ஆய்வாளர் வேண்டாம், தனியார் சான்றிதழ் போதும் என்பார்கள் சிலர். 2012 ஆகஸ்டில் கராச்சியில் ஒரு ஆடை ஆலை சர்வதேசத் தரச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றது. செப்டம்பரில் அங்கே தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயை வைத்தவர் யாராகவும் இருக்கட்டும். வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் கம்பிகள் இருந்தன. சான்றிதழ் கொடுத்தவர்கள் எதைப் பார்த்தார்கள்?

பூட்டிய கதவும் புதிய கதை அல்ல. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடை ஆலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. உரிமையாளர்கள் இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அவர்களில் ஒருவர், வேலை நேரத்தில் ஆலைக் கதவைப் பூட்டியதற்காக மறுபடியும் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். 146 பேர் கருகிய பிறகும் அந்த மனிதரின் கை பூட்டைத் தேடிப் போயிருக்கிறது என்றால், அவரை எது தடுத்திருக்கும்? பூட்டுவதைவிடப் பூட்டாமல் இருப்பது லாபம் என்று ஆக்கும் ஒரு தண்டனைதான் தடுத்திருக்கும். 20 டாலர் அப்படிப்பட்ட தண்டனை அல்ல.

வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடத்தை நினைத்தால் எனக்கு வேறொன்று உறுத்துகிறது. 2013 ஏப்ரல் 23 அன்று அந்தக் கட்டடத்தில் விரிசல்கள் தெரிந்தன. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மறுநாள் காலை ஆடைத் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியரால் வராமல் இருக்க முடிந்தது, தையல்காரரால் முடியவில்லை. ஆபத்து என்று தெரிந்த இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் ஹெல்மெட்டைக் கொடுத்து “கவனமாக இரு” என்று சொல்லி என்ன பயன்? அதற்குப் பிறகு வங்கதேசத்தில் வந்த, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அந்த உரிமையைச் சேர்த்தது, ஆய்வு அறிக்கைகளைப் பொதுவில் வெளியிட்டது. அந்த இரண்டும் எல்லா நாட்டிலும் வேண்டும்.

எங்கள் பையன் கட்டுப் பிரித்த பிறகு வேலைக்கு வந்தான். பொருள் அறையில் எண்ணிக்கை எழுதும் வேலை கொடுத்தார்கள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தான். “அண்ணா, நான் தூங்கவில்லை, கவனமாகத்தான் இருந்தேன்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். அறிக்கையில் என் கையெழுத்து இருப்பது அவனுக்குத் தெரியுமா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இதைப் படிப்பவர்களில் ஆய்வுப் பணியில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். இரவு இரண்டு மணிக்குச் சொல்லாமல் போங்கள். பதிவேட்டைப் பிறகு பார்க்கலாம். காப்புத் தகட்டின் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். தினமும் திறந்து மூடுவதாக இருந்தால் பெயிண்ட் தேய்ந்திருக்கும். இரண்டு பொத்தான்களில் ஒன்றின் விளிம்பில் மட்டும் நசுங்கிய தழும்பு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். கருவிப்பெட்டியின் கீழ்த்தட்டை இழுத்துப் பாருங்கள். ஆப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.