கென்மோர் வேண்டாம் என்ற நூறு வீடுகள்

அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரெட்மண்ட் எங்கள் ஊர். 2024 பிப்ரவரியில் இங்குள்ள தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. வரப்போகும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடில்லாதவர்களைக் குடிவைக்கப் போகிறார்களாம், பிள்ளைகள் நடமாடும் இடமாம், கவுன்சிலுக்கு உடனே எழுத வேண்டுமாம். எந்தக் கடையில் முருங்கைக்கீரை வந்திருக்கிறது என்று பேசிக்கொள்ளும் குழு அது. அன்று ராத்திரி முழுக்க போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடனைத்தான் இப்போது தீர்க்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் ஏரியின் வட முனையில் கென்மோர் என்று ஓர் ஊர். அங்கே ஊர் நடுவில், வீடிழந்து தெருவுக்கு வந்தவர்களுக்காக 100 சிறு வீடுகள் கட்டுவதாக ஏற்பாடு. கட்டப்போவது ப்ளிமத் ஹவுசிங் என்ற தொண்டு நிறுவனம். பணமும் பல இடங்களிலிருந்து சேர்ந்திருந்தது. 2024 ஜனவரியில், எல்லாம் கூடிவந்த நேரத்தில், கென்மோர் கவுன்சில் கைவிரித்துவிட்டது. வேறு எங்காவது என்றால் திட்டத்துக்கு அத்தோடு பால் ஊற்றியிருப்பார்கள். இங்கே சில வாரங்களிலேயே ரெட்மண்ட் தன் நிலத்தைத் தர முன்வந்தது. நம் குழு கொதித்தது அதற்குத்தான்.

ஓர் ஊர் தள்ளிய திட்டம் இவ்வளவு சீக்கிரம் பக்கத்து ஊருக்கு எப்படி வந்தது? ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊர்களுக்கு, மலிவு வீடுகளுக்காக ஆர்ச் என்று ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. 1992ல் பெல்வியூ, கர்க்லாந்து, ரெட்மண்ட் மூன்றும், நம்மூர் மாவட்டம் மாதிரியான கிங் கவுன்டியும் சேர்ந்து ஆரம்பித்தது. இன்று 15 ஊர்கள், கூடவே கவுன்டி. தெருவில் ஓர் அக்கா சீட்டு பிடிப்பாரே, கிட்டத்தட்ட அதுதான். ஜனத்தொகை, வேலைவாய்ப்பு, எவ்வளவு வீடு தேவை என்பதையெல்லாம் வைத்து ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பங்கு. எந்த ஊரில் திட்டம் தயாராக இருக்கிறதோ அங்கே பணம் போகும், பெரும்பாலும் கடனாக. ஒரு கட்டடத்தின் மொத்தச் செலவில் ஆர்ச் பணம் சிறு துண்டுதான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் முதலில் கை வைத்தால்தான் மாநிலமும் வரிச்சலுகைக்காக வரும் முதலீட்டாளர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்தப் பதினைந்தில் போ ஆர்ட்ஸ் வில்லேஜும் ஒன்று. மொத்தமே 300 பேர் சொச்சம். எங்கள் அபார்ட்மென்டிலேயே அதைவிடக் கூட்டம் இருக்கும். ஹன்ட்ஸ் பாயின்ட்டில் 500 பேர்கூட இல்லை. பில் கேட்ஸ் வீடு இருக்கும் மெடினாவில் 3,000 பேர் தேறும். இந்த ஊர்களில் மலிவு வாடகைக் கட்டடம் எழும்புமா? நிலத்தின் விலையைப் பார்த்தாலே மயக்கம் வரும். தனியாக விட்டிருந்தால் "எங்களால் என்ன முடியும்" என்று ஒதுங்கியிருப்பார்கள். சீட்டில் சேர்த்ததால் அந்தச் சாக்கு போயிற்று.

என் சண்டையும் இதே இடத்தில்தான். சீட்டு என்றால் எல்லோருக்கும் ஒரு முறை வர வேண்டும். இங்கே சில ஊர்கள் சீட்டுப் பணம் கட்டிக்கொண்டே இருக்கின்றன, எடுப்பதே இல்லை. பார்க்கத் தியாகம் மாதிரி இருக்கும், கிடையாது. "பணம் இந்தா, ஆட்களை உன் ஊரில் வைத்துக்கொள்" என்கிறார்கள், அவ்வளவுதான். பணம் பொதுப் பெட்டிக்குப் போனாலும், அவரவர் பங்கைத் திட்டத்துக்கு விடுவிக்க அந்தந்தக் கவுன்சில் ஓட்டுப் போட வேண்டும். பக்கத்து ஊர்க் கட்டடத்துக்கு நம் வரிப்பணம் போகிறது என்று அப்போது மைக் பிடித்துக் கத்துகிறவர்கள் அபூர்வம். நிலம் எது என்று தெரிந்த அன்றுதான் அரங்கம் நிறைகிறது.

ஆர்ச்சில் ஓட்டையே இல்லை என்று சொல்லவில்லை. மலிவு விலையில் வீடு வாங்கிய சிலர், தாங்களே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மீறி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்ததை 2019ல் சியாட்டில் டைம்ஸ் எழுதியது. கண்காணிக்கப் போதிய ஆள் போடாததன் பலன் அது. ஆள் போடுங்கள் என்று கேட்பது நியாயம். பெட்டியையே மூடு என்பது எந்த ஊர் நியாயம்?

என் மகளைப் பார்த்துக்கொண்ட டேகேர் டீச்சர் மேரிஸ்வில்லிலிருந்து வந்துகொண்டிருந்தார். காலை நாலரைக்கு எழுந்தால்தான் ஏழு மணிக்குக் கதவைத் திறக்க முடியும். ஒரு நாள் நெடுஞ்சாலையில் விபத்து, நாங்கள் ஆறு பெற்றோர் வாசலில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கே நான்கு பேர் குடும்பத்தின் நடுத்தர வருமானம் 2024 கணக்கில் ஏறக்குறைய 1,47,000 டாலர். யாருக்கு மலிவு வீடு என்பதை அந்த வருமானத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். அதை இவ்வளவு உயரத்துக்குத் தூக்கியவர்களில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நாமும் உண்டு. ரெட்மண்டில் தலைமையகம் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டே 2019ல் வீட்டுவசதிக்கு 50 கோடி டாலர் என்று அறிவித்து, பிறகு அதை 75 கோடி ஆக்கியது. பெரும்பகுதி கடனும் முதலீடும்தான், தானமில்லை. இருந்தாலும், தங்களால் வாடகை ஏறியது என்பது கம்பெனிக்கே உறைத்திருக்கிறது.

2021ல் வந்த மாநிலச் சட்டப்படி, எல்லா வருமானக்காரர்களுக்கும் இடம் இருக்கும்படி ஒவ்வொரு ஊரும் திட்டம் போட வேண்டும். போடுகிறார்கள். திட்டம் காகிதத்தில் இருக்கிறது, செங்கல் வேறு ஊரில் இருக்கிறது. நிலம் தராத ஊருக்குப் பங்கை உயர்த்து, அதுவும் உறைக்கும்படி உயர்த்து என்கிறேன். வருகிற திட்டத்தைத் தள்ளிவிடும் ஊருக்கு இரண்டு மடங்கு. மெடினாக்காரர்கள் கட்டுவார்கள், அவர்களுக்கு அது பெரிய தொகை இல்லை. கென்மோர் மாதிரி ஊர்கள்தான் இரண்டு முறை யோசிக்கும்.

கென்மோர் தள்ளியதும் அந்த நூறு வீடுகள் செத்துப்போகாமல் இருந்ததற்கு, பல ஊர்கள் ஒன்றாகக் கைகோத்திருந்ததே காரணம். ரெட்மண்ட் எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெருமைதான். குழுவில் இதைச் சொல்லியிருந்தால் ரெண்டு பேர் வெளியேறியிருப்பார்கள், நாலு பேர் தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார்கள். பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம் தருவார்கள். அடுத்த பட்ஜெட் பேச்சு வரும்போது ஆர்ச் பங்கைப் பற்றிப் பேச நான் போகிறேன். வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், காரில் மூன்று பேருக்கு இடமிருக்கிறது.