நேந்திரன் குலையும் ஆயிரம் ரூபாயும்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்து ஏலத்தில் நடந்ததைப் பற்றி இன்பாக்ஸில் கேட்கிற எல்லோருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.

அறுப்பின் பண்டிகை, விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஆலயத்தில் ஏலம் விடுகிற நாள். நேந்திரன் குலை ஒன்றை நாலாயிரத்துக்கு எடுத்த சார், கையோடு மைக்கை வாங்கி, "வேலை செய்யாதவன் சாப்பிடக் கூடாதுன்னு பவுலே சொல்லியிருக்கார்" என்று ஆரம்பித்தார். மாசம் ஆயிரம் உரிமைத்தொகை வாங்குகிற பெண்கள் "நம்ம வரிப்பணத்துல உக்காந்து சாப்பிடுறவங்க"ளாம். அந்த ஆயிரத்தை வாங்குகிற அக்காமார் பத்துப் பேராவது பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கொண்டுவந்த முருங்கைக்காய்தான் அடுத்த ஏலம்.

சார், பைபிளில் அந்த வசனத்தில் 'வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்' என்று இருக்கிறது. மனதை மட்டும் ஏன் விழுங்கினீர்கள்?

அப்புறம், நம்ம வரிப்பணம் என்றால் யாருடைய பணம்? 2025 செப்டம்பர் 22க்கு முன்பு வரை குளிக்கிற சோப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. இப்போது 5. சாருக்கும் அதே வரிதான், அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகிற அக்காவுக்கும் அதே வரிதான். வருமான வரிதான் 12 லட்சம் வரை கட்ட வேண்டாம் என்றாகிவிட்டதே. சார் வேலை பார்த்தது அரசு உதவி பெறும் பள்ளியில். சம்பளம் அரசாங்கம் கொடுத்தது, பென்ஷனும் அரசாங்கம் கொடுக்கிறது. அது உரிமை. ஆயிரம் ரூபாய் மட்டும் ஓசி!

அப்பா பனையிலிருந்து விழுந்து இறந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மா அண்டி ஆபீஸுக்குப் போனாள். விரலெல்லாம் கறையில் கறுத்துத் தோலுரிந்திருக்கும். நான் எம்.ஜி.ஆர் 1982இல் தொடங்கிய சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவன். தட்டைப் புத்தகத்துக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுபோவேன், 'ஓசிச் சோறு' என்று கூப்பிடுவார்கள் என்று. நாற்பது வருஷம் கழித்து அதே வார்த்தையை ஆலயத்துக்குள் கேட்கிறேன்.

"தர்மம் மனசாரக் கொடுக்கணும், வரி போட்டுப் பிடுங்கக் கூடாது" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பைபிளில் லேவியராகமம் 19ஐ எடுத்துப் பாருங்கள் தம்பி. வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று இருக்கிறது. நிலக்காரனுக்கு மனசு வருமா என்று யாரும் கேட்கவில்லை. அறுப்பின் பண்டிகையில் வாசிக்க இதைவிடப் பொருத்தமான பகுதி உண்டா?

ஊழல்? இருக்கிறது. அதற்கு அந்த அக்காவா பொறுப்பு?

நான் எந்தக் கட்சி என்று கேட்பவர்களுக்குப் பதில் இல்லை. திருவிதாங்கூர் ராஜாவுக்குத் தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கு வரி என்று அழுத வம்சம் நாம். ஏழையிடம் பிடுங்குகிற வரி எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் இன்று வரி என்றதும் நமக்கு விலக்குதான் ஞாபகம் வருகிறது. உதவி பெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் குருக்கள், கன்னியாஸ்திரிகள் சம்பளத்தில் வரி பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2024 நவம்பரில் தள்ளுபடி. கத்தோலிக்க நண்பர்கள் கோபிக்க வேண்டாம், நம்மவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? பைபிளில் வரி வசூலித்த சகேயு, இயேசுவைச் சந்தித்ததும் பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றான். நாம் நாலாயிரத்துக்குக் குலை எடுத்துவிட்டு மைக் கேட்கிறோம்.

முருங்கைக்காயை நான்தான் எடுத்தேன், நூற்றைம்பதுக்கு. திரும்பிப் பார்த்தால் அந்த அக்கா இருந்த இடம் காலி. பந்திக்கும் வரவில்லை.