டப்பாவுக்கும் நான்தான் காசு கொடுக்க வேண்டுமா?

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அரை கிலோ மைசூர்பாகு வாங்கப் போனேன். கடையில் கால் வைக்க இடமில்லை. கடைப்பையன் அட்டை டப்பாவைத் தராசில் வைத்தான், அதற்குள் துண்டுகளை அடுக்கினான். எண் 500-ஐத் தொட்டதும் மூடி, ரப்பர் பேண்ட் போட்டு நீட்டிவிட்டான்.

"டப்பா எடையைக் கழிச்சுப் போடுப்பா" என்றேன்.

"டப்பாவோடதான்க்கா எடை. எல்லாக் கடையிலயும் அப்படித்தான்."

அவன் முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. பையனைச் சொல்லி என்ன பயன், அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். கல்லாவில் இருந்த முதலாளியிடம் போனேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அம்பது அறுபது ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு?" என்றார். அதைவிட ஆத்திரம் வந்தது எனக்குப் பின்னால் நின்றவர்கள் மேல். "சீக்கிரம் நகருங்கம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு." அவ்வளவு பேரில் ஒருத்தர்கூட "அந்தம்மா கேட்கிறது நியாயம்தானே" என்று சொல்லவில்லை. எடையில் திருடியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், கேட்ட நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருகிறேன்!

வீட்டுக்கு வந்ததும் மைசூர்பாகைத் தட்டில் கொட்டிவிட்டு, காலி டப்பாவைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 72 கிராம். இனிப்பு கிலோ 900 ரூபாய். அப்படியென்றால் அந்த அட்டைக்கு மட்டும் நான் கொடுத்தது கிட்டத்தட்ட 65 ரூபாய். அன்றைக்கு அந்தக் கடையில் இப்படி எத்தனை டப்பா போயிருக்கும்?

தெரியாமல் நடக்கிற தவறா இது? மின்னணுத் தராசில் 'டேர்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. காலி டப்பாவை வைத்து அதை அமுக்கினால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு ஏறுவதெல்லாம் இனிப்பின் எடை. ஒரு விநாடி வேலை. இதே முதலாளிக்கு நெய் டின் வந்து இறங்கும்போது, டின்னோடு எடைபோட்டு நெய் விலை கொடுப்பாரா? கொடுக்கவே மாட்டார். வாங்கும்போது தெரிகிற கணக்கு விற்கும்போது மட்டும் எங்கே போகிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, சொன்ன அளவுக்குக் குறைவாகக் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும், அந்தச் சான்றிதழைக் கடையில் பார்வையாகவும் வைக்க வேண்டும். நான் போகிற கடைகளில் சாமி படம் இருக்கிறது, ஊதுபத்தி புகைகிறது, அந்தத் தாளை மட்டும் காணோம்.

இனிப்புக் கடையோடு முடிந்துவிட்டாலும் பரவாயில்லை. மீன் கடையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தட்டில் போட்டு, முள் நிற்பதற்குள் தூக்கிவிடுகிறார்கள். பழைய பேப்பர் எடுக்க வருகிறவரோ, நான் வீட்டில் 10 கிலோ என்று நிறுத்துக் கட்டி வைத்ததை அவருடைய தொங்கு தராசில் ஏழரை ஆக்குகிறார். நாம் வாங்கினால் எடை ஏறுகிறது, நாம் விற்றால் இறங்குகிறது! பெட்ரோல் பங்க்கில் அளவு சந்தேகமாக இருந்தால் 5 லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். என் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு அடிக்கப் போய்விட்டார்கள்.

65 ரூபாயில் நான் ஏழையாகிவிடப் போவதில்லை. ஆனால் எங்கள் தெருவில் பூ கட்டி விற்கிற அம்மா, வருஷத்துக்கு ஒரு முறை பேரப்பிள்ளைகளுக்காக அதே கடையில் கால் கிலோ வாங்குகிறார். அவர் முழம் போடும்போது கையைச் சுருக்கியதே இல்லை. அவருக்கும் அந்த அட்டையைத்தானே இனிப்பு விலைக்கு நிறுத்துக் கொடுத்திருப்பார்கள்? அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம். பொங்கலுக்கும் அதே கடைக்குத்தான் போவேன், டப்பாவைக் கழிக்கச் சொல்லித்தான் கேட்பேன். அப்போது என் பின்னால் நீங்கள் நின்றால், தயவுசெய்து நகரச் சொல்லாதீர்கள். "எனக்கும் கழிச்சே போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.