ரோத்தான் பலிக்கத்தான் செய்கிறது

சில மாதங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பள்ளிக்கூடக் காணொளி நம் வாட்ஸப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு பிள்ளையை நாலு பேர் சேர்ந்து அடிப்பது, பையைப் பிடுங்கி எறிவது, சுற்றி நின்று சிரிப்பது. கீழே என்ன கருத்து வரும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். "வளர்ப்பு சரியில்ல." "அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போனா இப்படித்தான்." "எல்லாம் கைபேசியால வந்த வினை." கடைசியில் எல்லாரும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: "எங்க காலத்துல ரோத்தான் இருந்துச்சு, ஒழுங்கா இருந்தோம்."

உங்க காலத்தில் ரோத்தான் என்கிற பிரம்பு இருந்தது. கழிப்பறைக்குள் தள்ளி அடிக்கிறவனும் இருந்தான். அவனை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

நான் சிங்கப்பூரில் ஒரு மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். மதியம் பள்ளி விட்டு வருகிற பிள்ளைகளில் சிலர் இரவு ஏழு மணிவரை எங்களோடுதான் இருப்பார்கள். சாப்பாடு, வீட்டுப்பாடம், சண்டை எல்லாம் எங்கள் கண்முன்தான். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: ரோத்தான் பலிக்கிறது. உடனே பலிக்கிறது. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். அடிப்பதை யாரும் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கனடாவில் ரிச்சர்ட் டிரம்பிளே என்கிற ஆய்வாளர் பச்சைக்குழந்தைகளிலிருந்து ஆரம்பித்துப் பல வருடம் தொடர்ந்து கவனித்தவர். மனிதர்கள் அதிகமாகக் கை நீட்டும் வயது பதினாறோ பதினெட்டோ என்றுதான் நாம் நினைப்போம். அவர் கண்டது இரண்டு வயதிலிருந்து நாலு வயதுக்குள். கடிக்கும், கிள்ளும், முடியைப் பிடித்து இழுக்கும், பொம்மையைப் பிடுங்கும். உயரம் இரண்டரை அடி என்பதால் நாம் சிரித்துக்கொண்டே படம் எடுத்துப் பாட்டிக்கு அனுப்புகிறோம். பெரும்பாலான பிள்ளைகள் தொடக்கப்பள்ளிக்குப் போவதற்குள் இதை விட்டுவிடுகிறார்கள், ஒரு சிலர் விடுவதில்லை. ஆகவே "இவனுக்கு அடிக்க யார் கத்துக்கொடுத்தா?" என்று கேட்டுப் பயனில்லை. அடித்தபோதெல்லாம் அவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

அதைப் பார்க்கப் பேரங்காடியில் காசு கட்டும் வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். நாலு வயதுப் பையன் சாக்லேட் முட்டையை எடுக்கிறான். "வேணாம்டா கண்ணா, இருமல் இருக்குல்ல." சிணுங்கல். "வேணாம்னு சொன்னேன்ல." குரல் ஏறுகிறது. தள்ளுவண்டிக்கு ஓர் உதை. பின்னால் நிற்கும் சீன ஆன்ட்டி எட்டிப் பார்க்கிறார். அம்மாவுக்கு வேர்க்கிறது. முட்டை வண்டிக்குள் விழுகிறது. அழுகை, குழாயை மூடியது போல் அந்த நொடியே நிற்கிறது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்கிற உளவியலாளர் இந்த மாதிரி நிமிடங்களைக் குடும்பங்களின் வீட்டுக்கே போய்க் குறிப்பெடுத்து ஆராய்ந்தார். 1982-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது இதுதான்: அந்த வரிசையில் பாடம் படித்தது பையன் மட்டுமல்ல. கத்தினால் கிடைக்கும் என்று அவன் படித்துக்கொண்டான். கொடுத்துவிட்டால் சத்தம் நிற்கும், நாலு பேர் முன்னால் மானம் தப்பும் என்று அம்மா படித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பலித்துவிட்டது. அடுத்த முறை அவன் சிணுங்கலில் தொடங்க மாட்டான், நேராக உதையில் தொடங்குவான். வீட்டில் வருடக்கணக்காக இந்தப் பயிற்சி எடுத்தவன்தான் தொடக்கநிலை ஒன்றில் பக்கத்துப் பிள்ளையின் பென்சில் பெட்டியை அதே முறையில் வாங்குகிறான்.

சாக்லேட் முட்டை இருக்கிற இடத்தில் கைபேசியை வைத்துக்கொண்டாலும் கதை அதேதான். சுகாதார அமைச்சு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 18 மாதம்வரை திரையே வேண்டாம், 6 வயதுவரை பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், 7 முதல் 12 வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள் என்று இருக்கிறது. சரியான கணக்குதான். ஆனால் எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. நல்லபடியாகக் கேட்டதற்குக் கொடுத்த அரை மணி நேரத்தைவிட, தரையில் புரண்டு அழுதபோது வாயை அடைக்கக் கொடுத்த பத்து நிமிடம் மோசம்.

இப்போது ரோத்தானுக்கு வருவோம். மளிகைக்கடைகளில் இன்னும் கொத்தாகத் தொங்குகிறது, கலர் கலரான பிளாஸ்டிக் கைப்பிடியோடு. பள்ளிகளிலும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் பிரம்படி தர விதி இடம் கொடுக்கிறது. வீட்டில் ஒரு போடு போட்டதும் பிள்ளை செய்துகொண்டிருந்ததை நிறுத்துகிறது. அடித்தவருக்குக் கைமேல் பலன். சாக்லேட் முட்டை கொடுத்த அம்மாவுக்குக் கிடைத்த அதே நிம்மதி. அதனால்தான் அடுத்த முறை கை தானாகவே அலமாரி மேலே போகிறது. அடுத்த மாதமும் ரோத்தான் தேவைப்படுகிறதென்றால் அது எதைச் சரிசெய்தது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் செய்த பொம்மைச் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அப்படியே அடித்தார்கள். 1965-இல் அவர் செய்த அடுத்த சோதனையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டினார். ஒரு குழு பார்த்த படத்தில் அடித்தவருக்குப் பாராட்டு, ஒன்றில் தண்டனை, ஒன்றில் எதுவுமில்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். ரோத்தான் கட்சிக்கு இதுவரை வெற்றி. அப்புறம் "அந்த ஆள் செஞ்சதைச் செஞ்சு காட்டு, ஒட்டுப்படம் தர்றேன், பழச்சாறு தர்றேன்" என்றதும் மூன்று குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் செய்துகாட்டின. அடிக்க எல்லாருமே கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். தண்டனையைப் பார்த்தவர்கள் வெளியே காட்டாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"வீட்டில தங்கம் டீச்சர். ஒரு சத்தம் இருக்காது. இங்க மட்டும் ஏன் இப்படிச் செய்றான்னே தெரியல." மாலை ஆறரைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அப்பாமார்கள் இதைச் சொல்வதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டில் தங்கம்தான். எங்கள் நிலையத்தில் ரோத்தான் கிடையாது என்பது பையனுக்கு நன்றாகத் தெரியும்.

எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் ஐம்பது வருட ஆய்வுகளை 2016-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 1,60,000 பிள்ளைகள். பிரம்புகூட இல்லை, வெறும் கையால் போடும் அடி. அந்த அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் எதிர்த்து நிற்பதும் கூடுதலாகவே இருந்தன. "முரட்டுப் பிள்ளைங்கிறதாலதானே அடி விழுது" என்று கேட்பீர்கள். ஓரளவு நியாயம். அப்படியே வைத்துக்கொண்டாலும், அடி அந்த முரட்டுத்தனத்தைக் குறைத்தது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அடிக்காதவர்கள் மட்டும் என்ன, மாத்தா என்று போலீஸ்காரரைச் சொல்லி மிரட்டுகிறோம். "சாப்பிடலைன்னா மாத்தா வந்து பிடிச்சிட்டுப் போயிடுவாரு." நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2019-இல் வெளிவந்த ஆய்வில் சிங்கப்பூர் இளையர் 379 பேரிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். சின்ன வயதில் இப்படிப் பொய் சொல்லி வளர்க்கப்பட்டதாகச் சொன்னவர்கள், வளர்ந்தபின் தாங்களும் பெற்றோரிடம் அதிகம் பொய் சொல்வதாகச் சொன்னார்கள். அது இருக்கட்டும். மாத்தாவைக் கண்டால் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை, தேக்காவில் தீபாவளிக் கூட்டத்தில் தொலைந்துபோனால் யாரிடம் போய் நிற்கும்?

இன்னொரு வகைப் பிள்ளை இருக்கிறான். மாலைச் சிற்றுண்டி நேரத்தில் யார்மேலும் இடிக்காமல் மைலோ வாங்கிக்கொண்டு உட்கார முடியாது. யாரோ ஒருவனின் முழங்கை பட்டு இவன் சட்டையில் மைலோ கொட்டிவிடும். மற்ற பிள்ளைகள் "ஏய்ய்" என்று கத்திவிட்டுத் துடைக்கப் போவார்கள். இவன் முதலில் குத்திவிடுவான். கேட்டால் "வேணும்னே செஞ்சான்" என்பான், மனசார நம்பித்தான் சொல்வான். கென்னத் டாட்ஜ் 1980-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்: முரட்டுப் பையன்கள், வேண்டுமென்றே நடந்ததா தற்செயலா என்று தெளிவாகத் தெரியாததையும் தங்களுக்கு எதிராகச் செய்தது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கத்தலும் அடியும் சகஜமான இடத்தில் வளர்ந்தவனுக்கு எல்லா முழங்கையும் எதிரியின் முழங்கைதான். இவனை "சாரி சொல்லு" என்று இழுத்துப்போய் நிறுத்துவதில் ஒன்றும் ஆவதில்லை. "அவன் உன்னைப் பார்த்துக்கிட்டே வந்தானா, பின்பக்கமா வந்தானா?" என்று கேட்டால் முறைப்பான். நாலு நாள் கழித்துக் கேட்டாலும் முறைப்பான். பிறகு ஒருநாள் "பின்பக்கமா" என்பான். அன்றைக்கு எனக்குச் சம்பளம் வந்த மாதிரி.

காணொளிகளுக்குத் திரும்புகிறேன். எல்லாரும் அடிக்கிறவனைப் பார்க்கிறோம். அந்தக் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்கிற கை யாருடையது? கனடாவில் பள்ளித் திடல்களில் கேமரா வைத்துப் படம் எடுத்து ஆராய்ந்த ஒரு குழு 2001-இல் எழுதியது: கொடுமைப்படுத்தும்போது பத்தில் ஒன்பது தடவை மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். ஐந்தில் ஒரு தடவைதான் யாராவது தலையிட்டார்கள். ஆனால் தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து நொடிக்குள் அது நின்றுபோனது. சிரிக்கிற கூட்டம்தான் அடிக்கிறவனின் சாக்லேட் முட்டை. அதைப் பிடுங்கிவிட்டால் அடி பலிக்காது. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் பள்ளிக் கொடுமையைத் தடுக்க உருவாக்கிய கிவா திட்டம் இந்த வேடிக்கை பார்க்கிறவர்களைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றி நம் வாட்ஸப் குழுக்களில் பேச்சே வராது, காணொளி கிடைக்காதே. ஒருத்தியைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு மறுநாள் இடைவேளையில் எல்லாரும் மேசை மாறி உட்கார்ந்துகொள்வார்கள். காயமே தெரியாது. 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளிலும் பள்ளி நேரம் முழுக்கக் கைபேசி கூடாது என்று வந்தது நல்லதுதான், ஆனால் அந்தக் குழுக்கள் விழித்துக்கொள்வதே இரவு ஒன்பது மணிக்கு மேல்.

"இந்த மாதிரி பையன்களை எல்லாம் ஒண்ணா ஒரு முகாம்ல போட்டுத் திருத்தணும்" என்பவர்களுக்கு ஒரு வரி. தாமஸ் டிஷன் குழு 1999-இல் எழுதியதைப் பாருங்கள். அடாவடிப் பையன்களை ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவன் அளக்கும் வீரக்கதைக்கு மற்றவன் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பே பயிற்சியாகிவிடுகிறது. திருத்தக் கூட்டிப்போன இடத்தில் தொழில் படித்துவிட்டு வருவான்.

பெற்றோரைத் திட்டுகிற பேச்சும் எனக்கு ஒத்துவராது. அமெரிக்காவின் வட கரோலினாவில் செரோக்கி பழங்குடியினர் வாழும் இடத்தில் 1990களில் ஒரு சூதாட்டக்கூடம் திறந்தார்கள். அதன் லாபத்தில் ஒரு பங்கு அந்த இனத்தைச் சேர்ந்த எல்லாருக்கும் போனது. அங்குள்ள பிள்ளைகளை ஏற்கெனவே கவனித்துவந்த ஜேன் காஸ்டெல்லோவின் குழு 2003-இல் முடிவை வெளியிட்டது: வறுமையிலிருந்து மீண்ட வீட்டுப் பிள்ளைகளின் அடாவடி, ஒருபோதும் ஏழையாக இருந்திராத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கிவிட்டது. ஏன் என்று துருவியபோது வந்த பதில், பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்தது என்பது. (இதைப் படித்துவிட்டு யாரும் செந்தோசா சூதாட்டக்கூடத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள்.) பன்னிரண்டு மணி நேரம் பாதுகாவலர் வேலை பார்த்துவிட்டு, எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வந்து, வாசலில் பிள்ளை கத்தும்போது "வேண்டாம்" என்ற சொல்லைக் கடைசிவரை காப்பாற்றத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பில்லாத அம்மாவிடம் "வளர்ப்பு சரியில்லை" என்பது சுலபம். வேலை நேரத்தை மாற்றித் தரச்சொல்லி முதலாளியிடம் கேட்பது கஷ்டம்.

சரி, என்னதான் செய்வது? எங்கள் நிலையத்துக்கு வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று. அம்மா "இல்லை" என்பார், அப்பா கைபேசியைப் பார்த்துக்கொண்டே "கொடுத்துடு" என்பார், பாட்டி சமையலறைக்குக் கூப்பிட்டுக் கையில் திணிப்பார், பணிப்பெண்ணுக்குப் பிள்ளை அழுதால் தன்மேல் பழி வருமே என்ற பயம். ஐந்து தடவை மறுத்து ஆறாவது தடவை கொடுப்பது, முதல் தடவையே கொடுப்பதைவிட மோசம். ஆறு தடவை கத்தினால் பலிக்கும் என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்ளும். கொடுக்க முடிகிறதென்றால் கேட்டதும் கொடுத்துவிடுங்கள். முடியாதென்றால் யாரும் கொடுக்கக் கூடாது, பாட்டி உட்பட. (பாட்டிதான் கடினம். எனக்கும் தெரியும்.)

இப்படி நிறுத்தினால் முதலில் கத்தல் கூடும். நேற்றுவரை பலித்தது இன்று பலிக்கவில்லையென்றால் பிள்ளை இன்னும் சத்தமாகத்தான் முயன்று பார்க்கும். பெரும்பாலானோர் அந்த வாரத்தில்தான் "இதெல்லாம் நம்ம பிள்ளைக்குச் சரிப்படாது" என்று ரோத்தானை எடுக்கிறார்கள். அந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி, கத்தாமல் கேட்டதற்குப் பலன் கிடைக்கச் செய்வது. நம் வீடுகளில் பாராட்டினால் தலைக்கனம் வரும், கண் பட்டுவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. பிள்ளை அமைதியாக விளையாடினால் "அப்பாடா" என்று நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம், தம்பியைத் தள்ளினால்தான் ஓடிவருகிறோம். நம்மை ஓடிவரச் செய்ய என்ன வழி என்று அதற்கு நாமே சொல்லிக்கொடுத்தாயிற்று. தம்பிக்குப் பொம்மையைக் கொடுத்த அந்த நேரத்திலேயே "தம்பிக்கு நீயே கொடுத்தியே, சூப்பர்டா" என்று சொல்லிப் பாருங்கள். "நல்ல பிள்ளை" என்ற பொதுப்பேச்சு உதவாது, எதைச் செய்தான் என்று சொல்ல வேண்டும்.

தனியாக முடியவில்லையென்றால் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். விவாகரத்து ஆனவர்கள் போகும் இடம் என்று நினைத்துக்கொண்டு நம்மவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. இங்குள்ள இந்தியர்களுக்கான அமைப்பான சிண்டாவும் ஒன்றை நடத்துகிறது, தமிழிலேயே பேசலாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான டிரிபிள் பி என்னும் பெற்றோர் பயிற்சி இங்கே பள்ளிகள் வழியாகவும் நடந்திருக்கிறது. துணைப்பாடத்துக்கு மாதம் எத்தனை வெள்ளி ஆனாலும் கட்டுகிற நாம், இந்த மாதிரி வகுப்புக்கு அழைப்பு வந்தால் "நம்ம பிள்ளைக்கு என்ன குறை?" என்று அழித்துவிடுகிறோம்.

ரோத்தானுக்காக வாதாட வருகிறவர்கள் தாராளமாகக் கீழே வாருங்கள், சண்டை போடலாம். வரும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: உங்கள் வீட்டில் நீங்கள் "வேண்டாம்" என்று சொன்னால், பிள்ளை அடுத்து யாரிடம் போய்க் கேட்கிறது?