முகத்துக்கு வண்ணம் பூசாதீர்கள்

ஜப்பானிய ஓவியர் கிதாகாவா உதாமாரோவின் பெண் உருவப்படங்களைக் கையால் வரைந்த நகல்கள் ஆன்லைனில் நிறைய விற்பனைக்கு வருகின்றன. பெரும்பாலும் கேன்வாஸில் ஆயில் பெயிண்ட். எல்லாவற்றிலும் ஒரே கோளாறு: முகத்துக்குத் தோல்நிறம் அடித்து, கன்னத்தில் நிழல் கொடுத்து, மூக்கை மேடாக்கியிருப்பார்கள். 1790களில் வந்த அந்த மரச்செதுக்கு அச்சுகளில் பெரும்பாலும் முகத்துக்கென்று வண்ணமே ஏறியிருக்காது. நாம் தோல் என்று பார்ப்பது வெறும் தாள்.

பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோவுக்காக 1792-93 வாக்கில் உதாமாரோ செய்த மார்பளவுப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னணியில் மைக்கா தூள் மினுங்கும். கூந்தல் கனத்த கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் எதுவும் பூசாத தாள் இருப்பதால்தான் முகம் ஒளிர்கிறது. அங்கே ஒரு கோட்டிங் அடித்தாலும் அந்த ஏற்பாடே குலைந்துவிடும். ஆகவே என் கருத்து இதுதான்: கையால் நகலெடுப்பதென்றால் தாளில், மூலத்தின் அளவிலேயே, நீர்வண்ணத்தில் செய்யுங்கள்.

அளவு ஏன் முக்கியம்? மூலம் சுமார் 39 × 26 செ.மீ. அதை 90 செ.மீ. உயரத்துக்கு இழுத்தால் 0.3 மி.மீ. கோடு 0.7 ஆகிவிடும். நெற்றியோர மயிரிழைகள் சீப்புப் பல் மாதிரி தெரியும். போதாக்குறைக்கு, கேன்வாஸின் நெசவு மெல்லிய கோட்டை நெடுக ஓடவிடாமல் உடைக்கும்.

தாள், காகித மல்பெரி நாரில் செய்த ஜப்பானியத் தாளாக இருக்கட்டும். கிடைக்காவிட்டால் வழவழப்பான ஹாட் பிரஸ் வாட்டர்கலர் தாள், அதுவும் பழுப்பு வெண்மையில். பளீர் வெள்ளை வேண்டாம். மல்பெரித் தாளுக்குப் பசை ஏற்றாமல் வரைந்தால் வண்ணம் ஊறிப் படரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் ஜெலட்டினை ஊறவைத்து, மிதமான சூட்டில் கரையுங்கள். கொதிக்கவிட்டால் பசையின் வலு போய்விடும். நன்றாகக் கரைந்த பிறகு 5 கிராம் படிகாரம். அகலப் பிரஷால் ஒருமுறை தடவி, நிழலில் உலர்த்துங்கள். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் இன்னொரு பூச்சு தேவை. படிகாரத்தைக் கூட்டாதீர்கள், அது அமிலத்தன்மை உள்ளது. நாளடைவில் தாள் நொறுங்கும்.

படத்தைத் தாளுக்கு மாற்றப் பென்சில் கார்பன் வேண்டாம். அழித்தால் பசை ஏற்றிய மேற்பரப்பு கிழியும், அந்த இடத்தில் மட்டும் வண்ணம் திட்டாக ஊறும். அழிக்காவிட்டால், பூசாத முகத்தில் சாம்பல் கோடு நின்றுவிடும். லைட் பாக்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் டிரேசிங் பேப்பரின் பின்பக்கம் காவிப்பொடி தேய்த்து மெதுவாக எடுங்கள்.

அச்சில் கறுப்புக் கோடு முதலில் விழும், வண்ணங்கள் பிறகு வரும். கையால் செய்யும்போது இதைத் திருப்பிப்போட வேண்டும். உடைக்குப் பூசும் குவாஷ் ஒளிபுகாத நீர்வண்ணம், கோட்டின்மேல் ஏறி மங்கலாக்கும். அதனால் உடைகளின் தட்டை வண்ணம் முதலில்: பால் பதத்துக்குக் கரைத்து, பலகையைக் கிடையாக வைத்து, இரண்டு மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால், தாள் சுருளும்போது வெடிப்பு விடும்.

பின்னணி மைக்காவுக்கு, உருவத்தின் விளிம்போடு வெட்டிய மாஸ்க்கிங் ஃபிலிமால் பெண்ணை மூடிவிட்டு, மெல்லிய ஜெலட்டின் கரைசலில் தூளைக் கலந்து இரண்டு பூச்சு. பசை குறைந்தால் விரலோடு வந்துவிடும், கூடினால் மினுக்கம் செத்துவிடும். தடவத் தடவக் கலக்கிக்கொண்டே இருங்கள், தூள் அடியில் படியும்.

கடைசியாகக் கூந்தல். நகல் பிழைப்பதும் கெடுவதும் இங்கேதான். ஓவியரின் வரைவில் கூந்தலோரம் சுமாராகத்தான் குறிக்கப்பட்டிருக்கும்; இழை இழையாகப் பிரித்தது பட்டறையின் மூத்த செதுக்குநர். ஆகவே நீங்கள் நகலெடுப்பது ஒரு கத்தியின் வேலையை. கறுப்புத் திரளில் தொடங்கி, நெற்றியை நோக்கி இழுத்து, நுனியில் பிரஷைத் தூக்கிவிட வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் நெற்றிப்பக்கம் மொட்டையான புள்ளி விழும், விக் வைத்ததுபோல் ஆகிவிடும். 000 எண் பிரஷ், புதிதாகத் தேய்த்த ஜப்பானிய மை. கறுப்பு குவாஷ் இதற்கு ஆகாது, காய்ந்தால் சுண்ணாம்பு பூத்துவிடும்.

அழகாக்குகிறேன் என்று திருத்துகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணமான பெண் அந்தக் காலத்தில் பற்களைக் கறுப்பாக்குவாள், புருவத்தையும் மழிப்பதுண்டு. நகலில் அவளுக்குப் புருவம் முளைத்திருக்கும். கெய்சாய் எய்சென் என்ற ஓவியரின் படங்களில் சில பெண்களுக்குக் கீழுதடு பச்சையாக இருப்பது குசும்பப்பூச் சாயத்தைத் தடித்துப் பூசும் நாகரிகம். நகலில் சிவப்பு லிப்ஸ்டிக் வந்துவிடும். அவர்கள் யார் என்பதையே அழித்துவிடுகிற திருத்தங்கள் இவை. எனக்கு இதில் சமாதானமே இல்லை.

நிறத்தைப் பொறுத்தவரை முன்பே ஒரு முடிவு வேண்டும். ஊதா பெரும்பாலும் குசும்பச் சிவப்பும் ஒரு பூவிலிருந்து எடுத்த நீலமும் கலந்தது. அந்த நீலம் வெளிச்சத்தில் ஓடிவிடும், இன்று பழுப்பாகத் தெரியும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் ஸ்பால்டிங் தொகுப்பு, காட்சிக்கு வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு 1921ல் கொடுக்கப்பட்டது. அதனால்தான் அங்கே அந்த ஊதா இன்னும் பிழைத்திருக்கிறது. மங்கிய நிறத்தில் செய்தாலும் சரி, அன்றைய நிறத்தில் செய்தாலும் சரி. மங்கிய உடைக்குப் பக்கத்தில் புத்தம்புது சிவப்பு உதடு வைப்பது மட்டும் கூடாது.

மூலப்படத்துக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில் உயர் தெளிவுப் படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உதாமாரோ, எய்சென், 1921ல் இறந்த ஹாஷிகுச்சி கோயோ ஆகியோருக்குக் காப்புரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் இட்டோ ஷின்சுய் என்ற ஓவியர் இறந்தது 1972ல். அவருடைய படங்களை நகலெடுத்து விற்காதீர்கள். கையொப்பத்தையும் முத்திரைகளையும் விடாமல் வரையுங்கள், அவை அமைப்பின் பகுதி. தாளின் பின்புறம் நகல் என்று எழுதி, உங்கள் பெயரும் ஆண்டும் போட்டுவிடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் அழுந்தித் தெரியும்.